அம்மன் சோற்றுக்கும் சட்டம் உண்டு

செங்குன்றம் தாண்டி, காரனோடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், சாலையோரத்தில் ஒரு புளியமரம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை இரவு, அதன் அடியில்தான் எங்கள் தெருக் கூட்டம் காலை நீட்டியிருந்தது. விம்கோ நகரிலிருந்து பெரியபாளையம் பவானி அம்மனுக்கு நடை. மஞ்சள் புடவை, கையில் வேப்பிலை, முன்னால் ஒரு மீன்பாடி வண்டியில் அம்மன் படமும் மைக்செட்டும். பகலிலேயே புறப்பட்டு மணலி, மாதவரம், புழல் என்று நடந்து வந்ததில் எல்லோருக்கும் பாதம் வீங்கியிருந்தது. வழியில் ஒரு பந்தலில் கொடுத்த சாம்பார் சாதப் பொட்டலங்களை அப்போதுதான் பிரித்தோம்.

பிரித்ததும் ஒரு வாடை. ஊசிப்போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. லேசான புளிப்பு, விரலில் ஒட்டும் கொழகொழப்பு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண் முகம் சுளித்தாள். கூட்டத்தில் மூத்தவரான ஆயா அதட்டினார்: "அம்மன் சோறும்மா அது. மூஞ்சி சுளிக்காத. கண்ல ஒத்திக்கினு துண்ணு."

ஒத்திக்கொண்டு தின்றோம். விடிவதற்குள் ஆறு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் துவண்டு விழ, 108 வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனது. கையில் டிரிப்ஸ் ஊசியோடு அவன் கண் திறக்கும்வரை அவன் அம்மா வேப்பிலையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடியே நின்றாள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது நான் கேட்டேன், யாரிடமாவது புகார் சொல்ல வேண்டாமா என்று. "அன்னதானம் போட்டவன் மேலயா கம்ப்ளெயிண்ட் குடுப்ப? காசா வாங்குனான்?" என்றார்கள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு ஆடியிலும் எங்கள் வட்டாரத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு அதே சாலையில் நடக்கின்றன.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், உணவுத் தொழில் என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே ஒரு முக்கியமான சொற்றொடர் இருக்கிறது: லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சமைப்பது, பொட்டலம் கட்டுவது, சேமித்து வைப்பது, வண்டியில் கொண்டுபோவது, விநியோகிப்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும். நுகர்வோர் யார் என்று சொல்லும் இடத்திலும் உணவை விலைக்கு வாங்குவதோடு, பெறுவது என்ற சொல்லையும் அந்தச் சட்டம் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆக, பந்தலில் கையேந்தி நிற்கிற பக்தரைச் சட்டம் யாசகராகப் பார்க்கவில்லை. சுத்தமான சோறு அவருக்கு உரியது.

இதையும் கூட்டிப் படியுங்கள். 2011இல் வந்த உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகள், சிறு உணவுத் தொழில் செய்பவர் யார் என்று சொல்லும்போது தள்ளுவண்டிக்காரர், தற்காலிகக் கடை போடுபவர் ஆகியோரோடு, மத விழாக்களிலும் சமூக நிகழ்ச்சிகளிலும் உணவு வழங்குவோரையும் பெயர் சொல்லியே சேர்க்கின்றன. அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். கேட்டரிங்காரர் மட்டும் இந்தச் சிறு பதிவுக்குள் வர மாட்டார், அவருக்குத் தனி உரிமம் வேண்டும். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மதுரைச் சித்திரைத் திருவிழாவிலும் திருவண்ணாமலை கார்த்திகை தீபத்திலும் அன்னதானம் செய்கிறவர்கள், நீர்மோர்ப் பந்தல் வைக்கிறவர்கள் முன்கூட்டியே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகங்கள் அறிவிப்பு வெளியிட்டு வருகின்றன. எங்கள் வடக்கு ஓரத்துச் சாலைகளிலும் ஆடிக்கு ஆடி அதே அறிவிப்பு அதே உரத்த குரலில் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்னமிடுவதன் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்குத் தாகம் தணிப்பது அவ்வளவு பழைய அறம். 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், அதற்கு முன் சென்னை ஏழுகிணறு பகுதியில் இருந்த காலத்தில் எங்கள் திருவொற்றியூருக்கு நடந்தே வந்து வடிவுடை அம்மனை வணங்கியவர். நடந்து வருகிறவனின் பசி என்னவென்று தெரிந்த ஊர் இது. அந்த அறத்தோடு ஒரு கடிகாரமும் ஒரு சோப்புக்கட்டியும் சேர வேண்டும், அவ்வளவே நான் கேட்பது.

கடிகாரம் எதற்கு? எங்களைக் கவிழ்த்தது சாம்பார் சாதம். அரிசியில் மண்ணிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும் ஒரு கிருமி உண்டு, பாசில்லஸ் சீரியஸ் என்று பெயர். உலை கொதித்தாலும் அதன் வித்துகள் சாவதில்லை. சோறு ஆறத் தொடங்கியதும் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. அந்த நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. காலையில் வடித்த சோற்றைச் சூடாகவே சில்வர் பேப்பரிலோ பிளாஸ்டிக் தாளிலோ கட்டி, ஆயிரம் பொட்டலத்தை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மூடிய வேனில் மாலைவரை வைத்தால் நடுவில் இருக்கும் பொட்டலம் ஆறவும் ஆறாது, சூடாகவும் இருக்காது. கிருமிக்கு அதைவிடச் சொகுசான இடம் வேறு இல்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் ஆபத்து. சமைத்த உணவை அப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். ஆடி மாதச் சென்னையில் அந்த இரண்டு மணியும் தாராளம்.

நம் முன்னோர் இந்தக் கிருமியின் பெயர் அறியாதவர்கள், ஆனால் அதன் குணம் அறிந்தவர்கள். கட்டுச்சோறு என்றால் ஏன் புளிச்சோறு? புளியின் அமிலத்தில் பல கிருமிகள் பெருக முடியாது. நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, ஈரம் சுண்ட வதக்கிய புளிக்காய்ச்சல், ஆறவைத்து உதிர்த்த சோறு, வாழையிலைக் கட்டு. தயிர்ச்சோற்றிலும் ஒரு நுட்பம் வைத்திருந்தார்கள். வெதுவெதுப்பான சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி மட்டும் தயிர் விடுவார்கள், வழியிலேயே உறைந்து உண்ணும் நேரத்துக்குப் பக்குவமாகும். இட்லிக்குச் சட்னி கட்டாமல் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிக் கொடுத்ததும் அதே அறிவுதான், தேங்காய்ச் சட்னி முதலில் ஊசும். பருப்பும் காய்கறியும் தண்ணீருமாகக் குழைந்த சாம்பார் சாதத்தை நாளெல்லாம் பொட்டலத்தில் வைத்துத் தின்பது நம் பாட்டிமார் செய்யாத வேலை. அதனால் பந்தல் போடுகிறவர்களிடம் என் முதல் வேண்டுகோள்: சாம்பார் சாதமும் பிரிஞ்சியும் போடுவதாக இருந்தால் அடுப்பிலிருந்து நேராக இலையில் போடுங்கள். கட்டிக் கொடுப்பதாக இருந்தால் புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ செய்து, ஆறவைத்துக் கட்டி, அதையும் சில மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள்.

நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. திருவொற்றியூர்க்காரர்களுக்குப் பட்டினத்தார் கதை தெரியும். கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராகப் போனார். கைக்கும் அந்தக் கரும்பு எங்கே இனிக்கிறதோ அதுவே தமக்குரிய இடம் என்று தெரிந்துகொண்டு, எங்கள் கடற்கரையில் வந்து அடங்கினார் என்பது ஐதீகம். அவருடைய நாக்கு அவருக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நம் நாக்குக்கு அவ்வளவு திறமை இல்லை. டைபாய்டு கிருமியும் மஞ்சள் காமாலை தரும் வைரசும் சுவையையோ வாசனையையோ கொஞ்சமும் மாற்றுவதில்லை. வாடை வந்தால் தின்னாதீர்கள் என்பது சரி. வாடை வரவில்லை என்றால் தின்னலாம் என்பது சரியல்ல. எப்போது சமைத்தது, எந்தத் தண்ணீர் என்ற இரண்டு கேள்விகள்தான் நம்பக்கூடிய நாக்கு.

தண்ணீர் என்றதும் கூழைச் சொல்லியாக வேண்டும். வடசென்னை ஆடியின் உயிரே கூழ்தான். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் கிண்டி, விடியற்காலையில் மோரும் சின்ன வெங்காயமும் விட்டுக் கரைத்து, முருங்கைக்கீரைப் பொரியலோ கருவாட்டுக் குழம்போ தொட்டுக்கொள்ளக் கொடுத்தால் தூக்குவாளியோடு தெருவே வரிசையில் நிற்கும். நடைபயணத்தில் இதைவிடச் சிறந்த உணவை நான் கண்டதில்லை. வயிற்றில் தங்கும், தாகம் தணிக்கும், உப்பும் கிடைக்கும். கிண்டிய கூழ் வெந்தது, புளித்தது, கிட்டத்தட்டத் தற்காப்புள்ளது. ஆபத்து அதைக் கரைக்கிற தண்ணீரில் இருக்கிறது. அண்டாவில் கடைசியாக நாலு குடம் பச்சைத் தண்ணீர் விழுகிறது பாருங்கள், அந்தக் குடம் எங்கிருந்து வந்தது? மொண்டு ஊற்றும் சொம்பைப் பிடித்த கை எங்கே இருந்தது? மோருக்கும் பானகத்துக்கும் இதே கேள்விதான். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, நீண்ட கைப்பிடிக் கரண்டியால் ஊற்றிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

எங்கள் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரில் உருவான ஊர் விம்கோ நகர். சுற்றிலும் எண்ணூர், மணலியின் ஆலைகள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கசிந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். வடக்கே மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்து கிணறுகள் உவர்ப்பானது பல பத்தாண்டுக் கதை. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் எண்ணெயும் ரசாயனமும் அதில் அப்படியேதான் இருக்கும். ஆகவே வழியில் தென்படும் போர் குழாயைவிட மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர் மேல். அதில் லேசாக குளோரின் வாடை அடித்தால் முகம் சுளிக்காதீர்கள், கிருமி நீக்கியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

கேன் தண்ணீர் என்றால் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, அதில் தயாரித்த தேதியும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அடைக்கப்பட்ட குடிநீரை அந்த ஆணையம் 2024 நவம்பரில் அதிக ஆபத்துள்ள உணவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது, காரணம் இல்லாமல் இல்லை. பந்தல்களில் இன்னும் தண்ணீர் பாக்கெட் வாரி வழங்குகிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களில் அதுவும் ஒன்று. சட்டவிரோதமாக விற்கும் சரக்கில் உரிம எண் உண்மையாக இருக்கும் என்று எப்படி நம்புவது? ஐஸ் விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. காசிமேட்டில் மீன் கெடாமல் இருக்க உடைத்துப் போடும் ஐஸ்கட்டி எப்படிச் செய்யப்படுகிறது, எப்படித் தரையில் இழுத்துக்கொண்டு போகப்படுகிறது என்று பார்த்தவர்கள் நாம். அதே ஐஸ் கரும்புச்சாறு வண்டியில் சாக்குப்பைக்குள் இருந்து வந்தால், "ஐஸ் போடாம குடுங்கண்ணா" என்று சொல்லிவிடலாம். இளநீர் வெட்டி நேராகக் குடித்தால் எந்தக் கேள்வியும் இல்லை. நுங்கும் அப்படித்தான், நம் கண்முன் சீவித் தருகிற நுங்கு.

காசு கொடுத்து வாங்குவதில் உரிமை இன்னும் தெளிவு. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் சொல்கின்றன. கூலிங் சார்ஜ் என்று பாட்டிலுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்பது அந்த விதிக்குப் புறம்பானது. நம் மாநிலத்தில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் 2018ஆம் ஆண்டுப் பொதிவு விதிமுறைகள் அதைத் தடை செய்துள்ளன. திருவிழாக் கடையில் ரோஸ் நிறத்தில் மின்னும் பஞ்சுமிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின் பி சாயம் கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. கோயில் வாசலில் குழந்தை கேட்டு அழும். வெள்ளைப் பஞ்சுமிட்டாய் இருந்தால் வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரிவதில்லை: நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகளில் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் நெறிமுறை. வண்டிக்குப் பெட்ரோல் போட்டால்தான் என்று அதில் இல்லை. எங்கள் வழியான ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் நடக்கும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். கழிப்பறை கிடைக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் நடக்கிறவர்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு. மயங்கி விழுகிறவர்களில் பலர் அவர்கள்தான்.

சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு வார்த்தை. வழியெல்லாம் பானகம், ரோஸ்மில்க், சர்க்கரைப் பொங்கல் என்று அன்பாகத் திணிப்பார்கள். அதே சமயம் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் பத்து மைல் நடந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கவும் செய்யும். மாலை போடுமுன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேளுங்கள், இடுப்பு முடிச்சில் நாலு கற்கண்டு இருக்கட்டும், பாதத்தை இரவு தோறும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்கால் நடை வேண்டுதல் என்றால் அதை மறுபரிசீலனை செய்யும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தாய் பிள்ளையின் கால் புண்ணாவதைக் கேட்க மாட்டாள்.

இனி, பட்டுவிட்டால் என்ன செய்வது?

முதலில் உடம்பு. வாந்தி, பேதி தொடங்கியதும் ஓ.ஆர்.எஸ். கரைசல். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சமமட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மடமடவென்று அல்ல, சிறிது சிறிதாக, நிறுத்தாமல். பேதியை உடனே கட்டுவதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை வேண்டாம், உள்ளே இருக்கும் நஞ்சு வெளியேறட்டும். குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 104. சோற்று நஞ்சு சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். டைபாய்டும் காமாலையும் இரண்டு, மூன்று வாரம் கழித்து வரும், அப்போது நடைப்பயணமே நமக்கு மறந்திருக்கும். ஆவணியில் காய்ச்சல் அடித்தால், ஆடியில் எங்கெல்லாம் சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, சாட்சி. நாங்கள் செய்த பெரிய தவறு, மிச்சச் சோற்றையெல்லாம் நாய்க்குக் கொட்டியது. தின்னாத பொட்டலம் ஒன்றைப் பிரிக்காமல் ஐஸ் வைத்த பையில் பத்திரப்படுத்துங்கள். பந்தலின் பேனர், நேரம், இடம் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். எத்தனை பேர் தின்றார்கள், எத்தனை பேருக்கு வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். மருத்துவமனையில் உணவு நஞ்சு என்று சீட்டில் குறிக்கும்படி கேளுங்கள். பிறகு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு, 94440 42322, படத்தோடு அனுப்புங்கள். விம்கோ நகர் சென்னை மாவட்டம், செங்குன்றத்தில் கால் வைத்தால் திருவள்ளூர் மாவட்டம். எந்த அலுவலருடைய எல்லை என்று நீங்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, இடத்தைச் சரியாகச் சொன்னால் போதும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நியமன அலுவலரும் அவருக்குக் கீழே உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் இருக்கிறார்கள். மாதிரி எடுக்கவும் சமையல்கூடத்தைச் சோதிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நீங்களே ஒரு பொருளை வாங்கி, விற்றவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டிப் பரிசோதனைக்குக் கொடுக்கவும் 40ஆவது பிரிவில் வழி இருக்கிறது. குறை உறுதியானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

நஷ்டஈட்டைப் பற்றி அந்தச் சட்டத்தின் 65ஆவது பிரிவு பேசுகிறது. உணவைத் தயாரித்தவரோ விற்றவரோ மட்டுமல்ல, விநியோகித்தவரும் பொறுப்பு. உயிர் போனால் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை இழப்பீடு தரச் சொல்லலாம். இறந்தவரின் குடும்பத்துக்கு 30 நாளுக்குள் இடைக்கால உதவி கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதை விசாரிக்கும் தீர்ப்பு அலுவலர் மாவட்ட வருவாய் அலுவலர். நுகர்வோர் ஆணையம் என்பது வேறு கதவு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே போக, நீங்கள் காசு கொடுத்திருக்க வேண்டும். ஆகவே இலவசச் சோற்றுக்கு அந்தக் கதவு திறக்காது. ஓட்டல் சாப்பாட்டுக்கும் கடையில் வாங்கிய பாட்டிலுக்கும் திறக்கும். ரசீதை எறியாதீர்கள். இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

தெருப் பையன்கள் உண்டியல் குலுக்கிச் சேர்த்த காசில் சோறு போட, அவர்களை நஷ்டஈட்டு வழக்கில் இழுப்பதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எனக்கும் மனம் ஒப்பாது. ஆனால் புகார் என்றாலே வழக்கு என்று அர்த்தமில்லை. அலுவலர் வந்து அண்டாவையும் கிணற்றையும் பார்த்து, இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் மறுநாள் அதே பந்தலுக்கு வரும் ஆயிரம் பேர் தப்பிப்பார்கள். அன்று நாங்கள் வாய் திறக்காததால், எங்களுக்குப் பின்னால் நடந்து வந்த கூட்டத்துக்கும் அதே பெட்டியிலிருந்து பொட்டலம் போயிருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடுகிறது. காண்டிராக்ட் எடுத்து, உரிமம் இல்லாமல், லாபத்துக்காக மிச்ச அரிசியில் சமைத்துத் தள்ளுகிற கேட்டரிங்காரர் விஷயம் வேறு. அவருக்குத் தயவு காட்ட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. வேண்டுமென்றே செய்யும் கொடுமையும் நடந்திருக்கிறது: 2018 டிசம்பர் 14 அன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம் சுள்வாடியில், மாரம்மன் கோயில் பிரசாதமான தக்காளிச் சாதத்தில் பூச்சிமருந்து கலக்கப்பட்டுப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்டது அரிது. நாம் அன்றாடம் சந்திப்பது அலட்சியம், அதிலும் பெரும்பாலும் அறியாமை. அதற்கு மருந்து முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான்.

ஆகஸ்டில் எங்கள் கடலோரக் குப்பங்களிலிருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 29ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். நாளுக்கு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு அறியாத அடுப்பு. வழியில் எந்தெந்த ஊரில் யார் சோறு போடுகிறார்கள் என்று குழுத் தலைவருக்கு முன்பே தெரியும். ஒரு மாதம் முன்னதாகப் போன் செய்து பதிவு இருக்கிறதா, என்ன சமைக்கிறீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடலாம். பதிவு இல்லையென்றால் இ-சேவை மையத்தில் ஒரு போட்டோவும் அடையாள அட்டையும் கொடுத்துச் செய்துகொள்ளச் சொல்லலாம். அந்த நூறு ரூபாயை நடக்கிறவர்களே காணிக்கையாகக் கொடுத்தாலும் தகும்.

எங்கள் தெருவில் அந்த இரவுக்குப் பிறகு நடை நிற்கவில்லை. மீன்பாடி வண்டியில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சோப்பு, ஒரு நோட்டு. கூட்டத்தில் இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒரு பொறுப்பு: வாங்குகிற சாப்பாட்டை எல்லோருக்கும் கொடுக்குமுன் இடத்தையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவது.

போன ஆடியில் ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டுக்கு முன்னால் ஒரு பந்தல். பையன்கள் ஓடி வந்து பொட்டலத்தை நீட்டினார்கள். நோட்டைத் திறப்பதற்குள் ஆயா முன்னால் போய் நின்றார். பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டார். ஒத்திக்கொண்டே கேட்டார்: "எத்தினி மணிக்கு ஆக்குனது நைனா?"

பையன் தடுமாறவில்லை. "இப்பத்தான் ஆயா, அடுப்பு அதோ எரியுது பாரு" என்று பந்தலுக்குப் பின்னால் கையைக் காட்டினான். மூங்கில் கம்பத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், பதிவுச் சான்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொல்லிவிட்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.